மீன் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகட்டும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு மீன் கடைக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மீன் தீர்ந்திருக்கும், தெர்மாகோல் பெட்டிகள் குவிந்து கிடக்கும். மூலை உடைந்து, உள்ளே ரத்தத் தண்ணீர் தேங்கி, சுற்றி ஒட்டிய பிரவுன் டேப் பாதி பிய்ந்து தொங்கும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக் கடற்கரை சுமார் 250 கிலோமீட்டர். ராத்திரி லாரி ஏறி வருகிற மீனை நாம் சாப்பிட்டுவிடுகிறோம். அது வந்த பெட்டி நம் ஊரிலேயே தங்கிவிடுகிறது.

மீன் கடை பிளாஸ்டிக் என்றாலே எல்லோரும் கருப்பு கவரைத்தான் பேசுகிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. தெர்மாகோல் தட்டும் கப்பும் அந்தப் பட்டியலில் வந்தன, மீன் பெட்டி வரவில்லை. என்னைக் கேட்டால் முதலில் கை வைக்க வேண்டியது பெட்டியில்தான்.

இந்தப் பெட்டியைக் காயலான் கடையில் ஏன் எடுப்பதில்லை? தெர்மாகோலில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் அளவுக்கு அடுக்கினாலும் 20 கிலோ சுற்றித்தான் எடை வரும், வண்டி வாடகைக்கே கட்டாது. அதிலும் மீன் ரத்தம் மணிகளுக்கு இடையில் இறங்கிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. அதனால் கொளுத்துகிறார்கள், கரும்புகையும் நச்சு வாயுவும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் போகிறது. கொளுத்தாமல் விட்டால் உதிர்ந்து வெள்ளை மணியாகச் சாக்கடையில் மிதந்து, மழையோடு ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது. தென்பெண்ணை கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது, காவிரி பூம்புகாரில் சேர்கிறது. நம் குப்பைக்கும் அதுதான் வழி.

மாற்று இல்லாமல் இல்லை. சுவருக்கு நடுவில் பஃப், அதாவது சூட்டை உள்ளே விடாத நுரை அடைத்த, கெட்டியான பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி. இதுவும் பிளாஸ்டிக்தானே என்பார்கள். ஆமாம், ஆனால் ஒருநாள் பெட்டிக்கும் பல வருஷம் உழைக்கிற பெட்டிக்கும் வித்தியாசம் உண்டு. வியாபாரிக்கு இதில் ஐஸ் கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்க 300 முதல் 350 கிராம் ஐஸ் போதும். ஆனாலும் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் போடச் சொல்வது, வழியெல்லாம் பெட்டிச் சுவரைத் தாண்டி உள்ளே வருகிற சூட்டுக்காக. சுவர் நன்றாக இருந்தால் அந்த ஐஸ் மிச்சம்.

கெடுவது எங்கே என்று தெரிந்து வாங்க வேண்டும். அடியில் இருக்கிற வடிகால் மூடி முதலில் தொலையும். துணியைத் திணித்து ஓட்டுவார்கள், தண்ணீர் ரோடெல்லாம் ஒழுகும். பெட்டி வாங்கும்போதே உதிரி மூடி நாலு வாங்கி வையுங்கள். உள்சுவரில் கீறல் விழுந்தால் பஃப் தண்ணீர் குடித்துவிடும், அப்புறம் குளிர் நிற்காது. காலிப் பெட்டியைத் தூக்கும்போதே கனம் காட்டிக்கொடுக்கும். கழுவும்போது முதலில் சோப்பும் பிரஷ்ஷும் போட்டு ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். ரத்தத்தின் மேலேயே பிளீச்சிங் ஊற்றினால் அதன் வீரியம் அங்கேயே செத்துவிடும். 10 லிட்டர் தண்ணீருக்கு 3 கிராமுக்குச் சற்று மேல் பிளீச்சிங் பவுடர் போதும். பத்து நிமிஷம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் மறுநாள் திறக்க முடியாது, அவ்வளவு நாற்றம்.

பெரிய சிக்கல் பெட்டி திரும்பிப் போவதுதான். மீன் இறக்கிய வண்டியிலேயே நேற்றைய காலிப் பெட்டிகளை ஏற்றிவிட வேண்டும். பெட்டி விலையில் பாதியாவது முன்பணம் வைத்தால்தான் யாரும் அதைத் தண்ணீர்த் தொட்டியாக்க மாட்டார்கள். நம்பர் எழுதி, ஒரு நோட்டில் வரவு செலவு போட்டால் போதும், ஆப் எல்லாம் வேண்டாம்.

இனி கவர். மஞ்சப்பை நல்ல திட்டம், ஆனால் ஈர மீனுக்குத் துணிப்பை ஆகாது. மீனுக்கு எவர்சில்வர் தூக்குதான் சரி. வெட்டிய மீன் ஒரு கிலோவுக்கு ரெண்டு லிட்டர் தூக்கு தாராளம். பெரும்பாலும் முழு மீனைத்தான் எடை போடுகிறார்கள், ஆகவே பாத்திர எடை பற்றிய சண்டைக்கே இடமில்லை. சுத்தம் செய்தபின் எடை போடும் கடையில் மட்டும் காலித் தூக்கைத் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கச் சொல்லுங்கள். "தூக்கு கொண்டாந்திருக்கேன்கா, கவர் வேணாம்" என்று வெட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வெட்டியதும் கை தானாகக் கவருக்குப் போய்விடும். கிருஷ்ணகிரி அணையில் காலையில் பிடித்த ஜிலேபி மீனுக்கு ஐஸே பெரிதாகத் தேவையில்லை. அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ரெட்டையாய் மடித்த வாழை இலை தாங்கும், செதிலும் துடுப்பும் எடுத்திருந்தால். துடுப்பு முள் இருந்தால் இலை கிழியும்.

அறுந்த நைலான் நரம்பு வலையைக் கரையில் வீசுவதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒகேனக்கல் பக்கக் காவிரியில் நீர்நாயும் ஆமையும் முதலையும் வாழ்கின்றன. 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தது அப்படிப்பட்ட உயிர்களையும் காக்கத்தான். நைலான் மட்காது, மீனவர் போன பிறகும் அந்த வலை பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய வலையை எடை போட்டு வாங்க, பரிசல் துறையிலேயே ஒரு இடம் வேண்டும்.

நகராட்சிகளுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த முறை மீன் கடை ஏலம் விடும்போது நிபந்தனையில் ஒரு வரி சேருங்கள்: தெர்மாகோல் பெட்டி இறக்கினால் காலியானதும் மீன் வண்டியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். பெட்டி கழுவ ஒரு தண்ணீர்க் குழாயும், ஒரு சிமென்ட் மேடையும் சந்தைக்குள்ளேயே கட்டிக் கொடுங்கள்.