ஆறு மணிக்கு முடிந்த எச்சரிக்கை

போன வாரம் இரவு எட்டரை மணிக்கு எங்கள் தெருப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. கறுத்த மேகம், நடுவில் ஒரு மின்னல் கீற்று, மேலே சிவப்பு எழுத்தில் 'ஜொகூரில் கடும் இடிமழை எச்சரிக்கை'. ஓர் இணைய ஊடகத்தின் முத்திரையும் இருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வேலைக்காட்டுக்குப் போக முடியாது, தம்பி" என்றார். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், லாபிஸ் பட்டணத்தை ஒட்டி எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பட்டை ஈரமாக இருந்தால் மரம் சீவ முடியாது. சீவிய பிறகு மழை பிடித்தாலோ மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், விழுந்த பால் தண்ணீரோடு வழிந்து போய்விடும். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

விடிந்தபோது மேகம் என்று சொல்ல ஒரு துணுக்கு இல்லை. ஒரு நாள் பால் போனது. "இந்த வானிலைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை" என்று அம்மா நாள் முழுக்கத் திட்டினார்.

எரிச்சலில் மூல அறிவிப்பைத் தேடிப் படித்தேன். மலேசிய வானிலை ஆய்வுத் துறை அதைப் பிற்பகலில் வெளியிட்டிருந்தது. எந்தெந்த மாவட்டம் என்று வரிசையாகப் பெயர் இருந்தது. அதில் எங்கள் சிகாமட் மாவட்டம் இல்லை. மாலை 6 மணி வரைதான் செல்லும் என்றும் இருந்தது. அதாவது அம்மா அந்தப் படத்தைப் பார்த்தபோது எச்சரிக்கை முடிந்து இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. வானிலைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். திட்டு மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இடிமழை எச்சரிக்கை என்பதே குறுகிய ஆயுள் கொண்டது. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடிய மழை நெருங்கிவிட்டது, அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்ற அறிகுறி தெரிந்தால்தான் அதை வெளியிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது செல்லாது. அன்றாட முன்னறிவிப்பிலும் வெறுமனே 'மழை' என்று எழுதுவதில்லை. 'சத்து டுவா தெம்பாட்', 'பெபெராப்பா தெம்பாட்', 'கெபாஞ்ஞாக்கான் தெம்பாட்' என்று ஓரிரு இடம், சில இடம், பெரும்பாலான இடம் எனப் பிரித்துத்தான் சொல்கிறார்கள். நம் ஊர் இடிமழையின் குணம் அப்படி. பாசார் (சந்தை) நனையும், தோட்டத்துக் கோயில் வாசலில் புழுதி பறக்கும். இந்தச் சொற்களைப் பிடுங்கிவிட்டு 'ஜொகூரில் மழை' என்று எழுதினால் மிஞ்சுவது வெறும் பயமுறுத்தல்.

இதைவிட மோசமானது 'பஹாயா' (மலாயில் 'ஆபத்து') என்ற சொல்லால் வரும் குழப்பம். தொடர்மழைக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் மூன்று நிலைகளில், மஞ்சள், ஆரஞ்சு தாண்டி, சிவப்புதான் பஹாயா. ஆற்று நீர்மட்டத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை வைத்திருக்கும் கடைசி நிலைக்கும் அதே பெயர், அதே சிவப்பு. ஒன்று வானத்தைப் பற்றியது, மற்றது ஆற்றைப் பற்றியது. தமிழில் இரண்டையும் 'அபாய எச்சரிக்கை' என்றே எழுதிவிடுகிறோம். மழை நின்றதும் ஆபத்து நீங்கியது என்று ஆட்கள் சாமான்களைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். 2023 மார்ச் வெள்ளத்தை நாங்கள் மறக்கவில்லை. மழை ஓய்ந்த பிறகும் ஜொகூரின் பத்து பகாட் ஊர்ப் பக்கம் வாரக்கணக்கில் தண்ணீர் வடியவே இல்லை.

செய்தியாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. தமிழ்ப் பிரிவில் இருப்பவர் அவசரத்தில் பெயர்க்கிறார், பத்து மாவட்டப் பெயர் தலைப்புக்குள் அடங்காது, வெட்டிவிடுகிறார். ஆனால் அந்த அறிவிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அச்சில்தான் வருகிறது. மாறுவது ஊரும் நேரமும் மட்டுமே. துறையும் தமிழ் ஊடகங்களும் ஒரு நாள் உட்கார்ந்தால் தமிழ் வாசகத்தை நிரந்தரமாக முடிவுசெய்துவிடலாம். இத்தனை வருடம் யாருக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

வானொலியில் இந்தத் தொல்லை குறைவு. மின்னல் எஃப்.எம்.மில் வாசித்தால் (மின்னல் எச்சரிக்கையை மின்னலிலேயே கேட்பது தனி வேடிக்கை) அது காற்றோடு போய்விடும். படம் போகாது. யாரோ ஓர் அத்தை அதை மூன்றாம் நாளும் நல்ல மனத்தோடு அனுப்புவார். அதனால்தான் கேட்கிறேன்: அந்த மின்னல் கீற்றைச் சிறிதாக்கிவிட்டு, 'எதுவரை' என்பதைத் தலைப்பு அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். மாவட்டங்களைப் படத்துக்குள்ளேயே எழுதுங்கள்.

நேற்றிரவும் ஒரு படம் வந்தது. அதில் சிகாமட்டும் இருந்தது, நேரமும் செல்லுபடியாகும் நேரம்தான். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடாமல் கைப்பேசியைத் தள்ளிவிட்டு, வாசலில் இறங்கி வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார்.