இரண்டு பெருநாளுக்கு நடுவில் நிக்காஹ் கூடாதா?

‘இரண்டு பெருநாளுக்கு (நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள்) இடையே நிக்காஹ் (திருமணம்) செய்தால் தம்பதி பிரிந்துவிடுவார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இது இஸ்லாத்துக்கு முந்தைய அரபுகளின் பயம். பெண் ஒட்டகம் ஆணை அண்டவிடாமல் வாலைத் தூக்குவதோடு, நோன்புப் பெருநாளில் தொடங்கும் ‘ஷவ்வால்’ மாதத்தின் பெயரை முடிச்சுப்போட்டு, அந்த மாதமே கல்யாணத்துக்கு ஆகாது என்றார்கள். ஒட்டகத்தின் வாலுக்கும் நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தமோ!

நபியின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னது ‘முஸ்லிம்’ என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது: நபி (ஸல்) அவர்கள் தம்மை மணந்ததும் ஷவ்வாலில், இல்லறம் தொடங்கியதும் ஷவ்வாலில், தம்மைவிட அவர்களுக்குப் பிரியமான மனைவி யார் என்றும் கேட்கிறார். குடும்பப் பெண்களுக்கும் ஷவ்வாலிலேயே மணம் முடிக்க விரும்பினார்.

சரி, பீடை மாதம் என்று சிலர் பயப்படும் ஸஃபர்? அதில் பீடை இல்லை என்ற நபிமொழி ‘புகாரி’ தொகுப்பில் உண்டு. உண்மையில் காத்திருக்க வேண்டியது இத்தாவுக்கு (மணமுறிவோ கணவன் இறப்போ நேர்ந்தபின், மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் காலம்); கணவனை இழந்த, கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு அது 4 மாதம் 10 நாள்.