பெயரை அழித்துவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்

ஒரு பெண்ணின் வேலை இன்னொருவர் பெயரில் ஏறிய அந்த கமிட்டைப் பற்றி மறுபடி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். (கமிட் என்பது கோடில் செய்த மாற்றத்தைப் பெயரோடும் விளக்கச் செய்தியோடும் சேமிக்கும் பதிவு.) நேற்றிலிருந்து இன்பாக்ஸில் வரும் சமாதானங்களைப் படித்த பிறகு முடியவில்லை. "கோட் ஓடுதுல்ல, அப்புறம் என்ன பிரச்சினை?" இதைக் கேட்பவர்கள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இல்லை. டீம் நடத்துகிறவர்கள், அடுத்தவர் கோடை ரிவ்யூ செய்கிறவர்கள்.

ஓடுகிறது. ஓடவில்லை என்று நான் சொல்லவே இல்லையே. மாதக்கணக்கில் ஒரு பெண் தனி பிராஞ்ச்சில், அதாவது கோடின் தனிக் கிளையில், செய்த வேலையை வெளியீட்டுக்கான ரிலீஸ் பிராஞ்ச்சுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கொண்டுபோனவர் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, இந்தப் பக்கம் பேஸ்ட் செய்து, "ஃபைனல் சேஞ்சஸ்" என்று ஒரே கமிட்டாகப் போட்டார். பிறகு பழைய பிராஞ்ச்சை சர்வரிலிருந்து அழித்துவிட்டார். இப்போது அந்த வேலையின் எந்த வரியில் பிளேம் (வரியைக் கடைசியாக மாற்றியது யார், எந்த கமிட்டில் என்று காட்டும் கட்டளை) எடுத்தாலும் பேஸ்ட் செய்தவர் பெயர்தான். அந்தப் பெண்ணின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஏன் அப்படி எழுதினாள் என்ற காரணமும் இல்லை.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வேலையை ஒரு பிராஞ்ச்சிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போவது என்றால் அதன் வரலாறும் சேர்ந்து போக வேண்டும்.

இதற்குக் கருவி இல்லாத காலம் ஒன்று இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். சப்வெர்ஷன் என்ற பழைய கருவியில் 2008-ல் 1.5 பதிப்பு வரும்வரை எந்த மாற்றம் ஏற்கெனவே மெர்ஜ் ஆனது (இன்னொரு பிராஞ்ச்சில் இணைந்தது) என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. ரிவிஷன் எண்களை லாக் செய்தியில் கையால் எழுதி வைத்தார்கள். கருவி செய்யாததை மனிதர்கள் அக்கறையோடு செய்தார்கள். இன்றைக்கு கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) எல்லாவற்றையும் தருகிறது. முழு பிராஞ்ச்சும் வேண்டுமா, மெர்ஜ் செய்யுங்கள். சில கமிட்கள் மட்டும் போதுமா, செர்ரி-பிக் கட்டளையால் அவற்றை மட்டும் எடுங்கள். அதில் எழுதியவர் பெயர், எழுதிய தேதி, செய்தி மூன்றும் அப்படியே வரும். கமிட்டர் (சேர்த்தவர்) என்ற இடத்தில் மட்டும் உங்கள் பெயர் ஏறும். கூடவே 'எக்ஸ்' ஆப்ஷனையும் கொடுத்தால், எந்த கமிட்டிலிருந்து எடுத்தது என்ற வரியும் செய்தியின் கடைசியில் சேரும். வேறு ரெப்போவுக்கு, அதாவது வேறு கோட் களஞ்சியத்துக்குப் போக வேண்டுமா, ஃபார்மட்-பேட்ச் கட்டளையால் கமிட்களைக் கோப்பாக எடுத்து, அங்கே 'ஏஎம்' கட்டளையால் சேர்த்துவிடுங்கள். அதிலும் எழுதியவர் பெயர் தொலையாது.

ஆசிரியர் வேறு, கமிட்டர் வேறு என்று கிட் ஏன் பிரித்து வைத்திருக்கிறது? 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை, தான் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக எழுதினார். அங்கே யாரோ எழுதிய பேட்ச் (திருத்தம்) மின்னஞ்சலில் வரும், வேறொருவர் அதைச் சேர்ப்பார். எழுதியவரும் சேர்த்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பது கருவியின் அடித்தளத்திலேயே இருக்கிறது. இன்றும் ஏற்கெனவே வெளியான பதிப்புகளைப் பராமரிக்கும் கெர்னலின் ஸ்டேபிள் பிராஞ்ச்களுக்கு ஒரு திருத்தம் போனால், மூல கமிட்டின் முழு 40 எழுத்து ஹாஷையும் (அடையாளக் குறியீடு) செய்தியில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. உலகம் முழுக்க சர்வர்களில் ஓடுகிற ஒரு மென்பொருளை வளர்ப்பவர்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறது. நமக்கு இல்லையாம்.

"ஸ்குவாஷ் மெர்ஜும் எல்லாத்தையும் ஒரே கமிட்டாத்தானே ஆக்குது?" சரி, நியாயமான கேள்வி. ஸ்குவாஷ் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் ஒரு சின்ன வேலைக்கு அதைப் பயன்படுத்துபவர்களோடு நான் சண்டை போடப்போவதில்லை. அப்போதும் கமிட் போடும்போது எழுதியவர் பெயரை ஆசிரியராகக் கொடுக்கலாம், கூட எழுதியவர் பெயரைச் சொல்லும் கோ-ஆதர் வரி சேர்க்கலாம். மாதக்கணக்கான வேலையை இரண்டு சொல் செய்தியோடு தன் பெயரில் போடுவது ஸ்குவாஷ் ஆகாது.

"கான்ஃப்ளிக்ட் நிறைய வந்தது, வேற வழியில்ல." இதை நான் ஏற்கவே மாட்டேன். கான்ஃப்ளிக்ட் வருவதே இரண்டு பேர் ஒரே இடத்தைத் தொட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து பார் என்று கருவி சொல்வதுதான். ஃபோல்டரைத் தூக்கிப் போட்டால் கான்ஃப்ளிக்ட் தீராது. ரிலீஸ் பிராஞ்ச்சில் யாரோ போட்ட திருத்தத்தின் மேல் பழைய கோப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். இங்கேயும் அப்படி என்னென்ன போயிருக்கிறதோ, இதுவரை யாரும் பார்க்கவில்லை.

"பிளேமில் காப்பியைக் கண்டுபிடிக்கிற ஆப்ஷன் இருக்கே" என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கிறது. ஆனால் அது அந்த கமிட்டின் முன்னோர்களுக்குள், அதாவது அதற்கு வழிவந்த முந்தைய கமிட்களுக்குள்தான் தேடும். மெர்ஜ் ஆகாத, இப்போது அழிக்கப்பட்டும் விட்ட ஒரு பிராஞ்ச்சை எங்கே போய்த் தேடும்?

பெயருக்காக மட்டும் கத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், வங்கிக்கு அனுப்பும் கோப்பைத் தயாரிக்கிற கோடில் ஒரு நிபந்தனை இருந்தது. தொகை பூஜ்யமாக உள்ள வரிகளை விட்டுவிடும். பார்த்தால் தேவையில்லாதது மாதிரி இருக்கும். எடுத்துவிடலாமா என்று டீமில் கேட்டார்கள். பிளேம் எடுத்தேன். எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் போட்ட கமிட். அப்படி ஒரு வரி இருந்தால் அந்த வங்கி முழுக் கோப்பையும் நிராகரித்துவிடுகிறது என்று விளக்கமாக எழுதியிருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் எழுதிய அந்த நாலு வரிதான் அந்த மாதச் சம்பளப் பட்டுவாடா நின்றுபோகாமல் காப்பாற்றியது. கோடில் என்ன இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஏன் இருக்கிறது என்பது வரலாற்றில்தான் இருக்கும்.

பைசெக்ட்டும் அப்படித்தான். ஆயிரம் கமிட்களுக்குள் எது பிழையைக் கொண்டுவந்தது என்று ஏறத்தாழ பத்தே சோதனையில் கண்டுபிடித்துவிடும். நாளைக்கு இந்த ரிலீஸில் ஒரு பிழை வந்தால் பைசெக்ட் எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? "ஃபைனல் சேஞ்சஸ்" வாசலில். அதற்குள்ளே ஆயிரக்கணக்கான வரிகளில் நீங்களே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சிலர் கேட்டீர்கள். சொல்கிறேன். ஒரு காலத்தில் நான் வருடக்கணக்கில் எழுதிய ஒரு மாட்யூல் சப்வெர்ஷனில் இருந்தது. கிட்டுக்கு மாறியபோது கிட்-எஸ்விஎன் என்ற இடமாற்றக் கருவியை வைத்து, பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, வரலாற்றோடு கொண்டுவந்திருக்கலாம். கோப்புகளை மட்டும் எடுத்து "இனிஷியல் கமிட்" என்று போட்டார்கள். பிறகு ஒரு மீட்டிங்கில், புதிதாக வந்த மேனேஜர் என்னைப் பார்த்து, "இந்த மாட்யூல் உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. ரெப்போவில் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். அன்றைக்கு நான் "தெரியும் சார்" என்று மட்டும் சொன்னேன். இன்றுவரை அது ஆறவில்லை.

அந்தப் பெண் ஒப்பந்த ஊழியர். அடுத்த மாதம் அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று பேசப்போகிறார்கள். அப்போது யாராவது ரெப்போவைத் திறந்தால் என்ன தெரியும்? இவ்வளவு நாள் அவள் எதுவும் செய்யவில்லை என்று தெரியும். "வேணும்னு செய்யல, அவசரத்துல நடந்தது" என்கிறார்கள். இருக்கட்டும். அவசரத்தில் எப்போதும் ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள் பெயர்தான் போகிறது, மேலே இருக்கிறவர் பெயர் ஒருநாளும் போவதில்லை. இதைச் சொன்னால் நான் டீமில் பிரிவினை செய்கிறேனாம்.

திருத்த முடியாத விஷயமும் இல்லை இது. அவள் லேப்டாப்பில் அந்த பிராஞ்ச் இன்னும் இருக்கிறது, கேட்டேன். "அதை சர்வருக்கு புஷ் பண்ணி 'அவர்ஸ்' மெர்ஜ் போட்டு ஒட்டிடலாம்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டாம். அந்த மெர்ஜ் ரிலீஸ் பக்கக் கோடை மாற்றாமல் அவள் வரலாற்றை மட்டும் ஒட்டும். லாகில் (கமிட் பட்டியலில்) அவள் கமிட்கள் தெரியும், பிளேமில் பேஸ்ட் செய்தவர் பெயரேதான் நிற்கும். ரிலீஸ் இன்னும் வெளியே போகவில்லை. பேஸ்ட் செய்த கமிட்டை ரிவர்ட் செய்யுங்கள், அதாவது அதன் மாற்றங்களைத் திரும்ப எடுங்கள். அவள் பிராஞ்ச்சை முறையாக மெர்ஜ் செய்யுங்கள். கான்ஃப்ளிக்ட் வந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தீர்த்துவிடுங்கள், ஒரு நாள் வேலை. அதுவரை அவள் லேப்டாப்பை ஃபார்மட் செய்யச் சொல்லி ஐடி பிரிவிலிருந்து யாரும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.