சென்டர் பேக் எங்கே, செனட் எங்கே?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று. லிவர்பூல் ஆட்டம் பார்க்க நண்பர்களோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடம்தான் கால்பந்து. அப்புறம் முழுக்க அமெரிக்கா! 2025 கோடையில் கோல் அடிக்கும் முன்கள வீரர் ஐசக்கை வாங்க லிவர்பூல் கிளப் 12.5 கோடி பவுண்டு கொடுத்தது. வீரர்களை வாங்கும் கெடுவின் அதே கடைசி நாளில், சென்டர் பேக் (தற்காப்பின் நடுவில் ஆடுபவர்) மார்க் கேஹி கைநழுவிப் போனார். இதைப் பேச வேண்டாமா? ‘முதலாளி அமெரிக்கக்காரன்தானே’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். சரி, 2010 முதல் கிளப் ஃபென்வே என்ற அமெரிக்க நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அதற்காக டிரம்ப், இறக்குமதி வரி, செனட் என்று ஊர்சுற்ற வேண்டுமா? நேற்று கோல் விழுந்தபோதுகூட இரண்டு பேர் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் இருந்த டீயில் ஆடை படிவதுகூடத் தெரியாமல், தேர்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடமே, ‘யார் அடித்தது?’ என்று கேட்கிறார்கள். வயிறு எரிகிறது!