அக்டோபர் 9-ஆம் தேதியே கதவைப் பூட்டிவிட்டார்கள்

நேற்று, 2016 ஏப்ரல் 19, ராத்திரி ஒன்பது மணிக்கு வாக்குப்பதிவு முடிந்தது, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. டெமாக்ரடிக் கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி தேர்தலில், நியூயார்க்கில் ஹிலாரி கிளிண்டனுக்கு ஏறத்தாழ 58 சதவீதம், பெர்னி சாண்டர்ஸுக்கு 42. ஹிலாரி இந்த மாநிலத்தின் செனட்டராக எட்டு வருஷம் இருந்தவர், நகரத்தின் ஐந்து பகுதிகளிலும் அவர்தான் முன்னிலை, அவர் ஜெயித்ததை நான் ஏற்றுக்கொள்கிறேன். எல்லோரையும் வாக்களிக்க விட்டிருந்தாலும் அவரே ஜெயித்திருக்கலாம். என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. வாக்களிக்க ஆசைப்பட்டு வந்து நின்ற மனிதர்களிடம் "உங்களால் முடியாது, ஆறு மாசத்துக்கு முன்னாலேயே கெடு முடிந்துவிட்டது" என்று சொல்லிச் சொல்லியே, பெர்னிக்காக ஆதரவு திரட்டிய எனக்கு இந்த இரண்டு மாதமும் போய்விட்டது.

ஊரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போது நீ எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. கட்சி உறுப்பினர் அட்டை வேறு, வாக்காளர் அட்டை வேறு. நியூயார்க்கில் வாக்காளர் படிவத்திலேயே கட்சியைக் குறிக்க வேண்டும். டெமாக்ரட் என்று குறித்தவர்தான் டெமாக்ரடிக் பிரைமரியில் வாக்களிக்க முடியும். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று முன்பு குறித்தவர் பிறகு மனசு மாறினால் கட்சியில் சேரலாம், தடை இல்லை. ஆனால் 2016 ஏப்ரல் 19-இல் நடந்த பிரைமரிக்கு அப்படிச் சேரக் கடைசி நாள் எது தெரியுமா? 2015 அக்டோபர் 9.

டெமாக்ரடிக் வேட்பாளர்களின் முதல் விவாதம் லாஸ் வேகாஸில் நடந்ததே அக்டோபர் 13-ஆம் தேதிதான். அவர்கள் ஒரே மேடையில் நின்று பேசுவதை நாடு முதன்முதலாகப் பார்ப்பதற்கு நான்கு நாள் முன்னாலேயே இங்கே கதவைப் பூட்டிவிட்டார்கள். அப்போது பெர்னி சாண்டர்ஸ் என்றால் யார் என்று என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. யாரென்றே தெரியாத ஒருவருக்காக ஆறு மாதம் கழித்து வாக்களிக்க வேண்டும் என்று ஒரு மனிதர் எப்படி முன்கூட்டி முடிவெடுப்பார்?

இதில் இன்னொரு கொடுமை. இதுவரை வாக்காளராகப் பதிவே செய்யாதவருக்குக் கெடு மார்ச் 25 வரை இருந்தது. அதுவரை வாக்குச்சாவடிப் பக்கமே போகாதவர் மார்ச் மாதம் படிவத்தை நிரப்பி டெமாக்ரட் ஆகிவிடலாம். பொறுப்பாகப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பதிவு செய்து, ஒவ்வொரு நவம்பரிலும் தவறாமல் வாக்களித்து, கட்சி என்ற இடத்தில் மட்டும் "இல்லை" என்று குறித்தவருக்கு அக்டோபரோடு முடிந்தது. ஒழுங்காக இருந்தவருக்குத்தான் தண்டனை. இதை யாராவது எனக்கு நியாயப்படுத்திச் சொல்லுங்கள்.

கட்சி மாற்றக் கொடுக்கும் படிவத்தை என்ன செய்வார்கள் என்று தேடிப் படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. இப்போதைய (2016) விதிப்படி அதை ஒரு முத்திரையிட்ட பெட்டியில் போட்டு வைத்து, நவம்பர் பொதுத்தேர்தல் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். பொதுத்தேர்தலுக்கு 25 நாள் முன்னால் அந்தப் பெட்டிக்குள் போகாத படிவம் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். 2015-இல் தேர்தல் நவம்பர் 3, அதனால்தான் அக்டோபர் 9. எதிர்க்கட்சிக்காரர்கள் கடைசி நேரத்தில் புகுந்து பிரைமரியைக் கெடுத்துவிடக் கூடாது என்று காரணம் சொல்கிறார்கள். 1973-இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். நான்கு நீதிபதிகளுக்கு அன்றைக்கே இது தப்பாகப் பட்டிருக்கிறது.

சதி செய்யப் புகுந்தவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்தவர்கள் வேறு. நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஜாக்சன் ஹைட்ஸில் 74-ஆம் தெரு சப்வே நிலையத்தின் வாசலில் சனி, ஞாயிறுகளில் மேஜை போட்டு நின்றிருக்கிறோம். ஒரு டாக்ஸி ஓட்டுநர், வங்காளதேசத்துக்காரர், ராத்திரி ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்தார். இரண்டு தடவை பெர்னிக்கு நன்கொடை அனுப்பியிருக்கிறேன் என்றார், போனில் ரசீதைக் காட்டினார். எங்கே போய் வாக்களிப்பது என்று கேட்டார். மாநிலத்தின் இணையதளத்தில் அவர் பெயரைத் தேடினேன். கட்சி: இல்லை. இப்போது என்ன செய்ய வேண்டும், எங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கு லீவு போடட்டுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றும் செய்ய முடியாது என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்து ஒரு கல்லூரி மாணவி. எந்தக் கட்சியையும் சாராதவள் என்று நினைத்துக்கொண்டு படிவத்தில் "இண்டிபெண்டன்ஸ்" என்பதைக் குறித்திருக்கிறாள். நியூயார்க்கில் இப்போது (2016) அந்தப் பெயரில் தனிக் கட்சியே இருக்கிறது! பதினெட்டு வயதில் படிவம் நிரப்பும் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

இந்த மாநிலத்தில் இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராத வாக்காளர்கள் 30 லட்சத்துக்கும் மேல். ரிபப்ளிகன் பிரைமரியில் போட்டியிட்ட டொனால்ட் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும்கூட இதே கெடுவைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கு வாக்களிக்க முடியாமல் போனது. பணமும் வக்கீல்களும் இருக்கிற அந்தக் குடும்பத்துக்கே தெரியவில்லை என்றால் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

"இது கட்சியின் உள்விவகாரம், வெளியாட்கள் எதற்கு" என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரி, கட்சிக்காரர்கள் மட்டும்தான் என்றே வைத்துக்கொள்வோம். கட்சியில் சேருகிறேன் என்றுதானே இவர்கள் வந்து நிற்கிறார்கள்? மேலும் வாக்குச்சாவடியும் இயந்திரமும் ஊழியர் சம்பளமும் பொதுமக்கள் வரிப்பணம். அந்த டாக்ஸி ஓட்டுநரின் வரியும் அதில் இருக்கிறது.

கெடுவுக்குள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களுக்காவது வாக்குக் கிடைத்ததா? நகரத்தின் ஐந்து பகுதிகளில் ஒன்றான ப்ரூக்ளினில் 1,20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பட்டியலிலிருந்து போயிருக்கின்றன. முழுக் கட்டிடங்களின் பெயர்களே இல்லை என்று புகார் வந்திருப்பதாக ஹிலாரியை ஆதரிக்கும் மேயர் டி பிளாசியோவே சொல்கிறார். நகரக் கணக்குத் தணிக்கையாளர் ஸ்காட் ஸ்ட்ரிங்கர் விசாரிக்கப் போவதாக அறிவித்திருக்கிறார். நேற்று பெயர் இல்லாமல் திகைத்து நின்றவர்களுக்கு அஃபிடவிட் வாக்குச்சீட்டு (எனக்கு வாக்குரிமை உண்டு என்று உறுதிமொழி எழுதிப் போடும் சீட்டு) கொடுத்திருப்பார்கள், அது எண்ணப்படுமா என்று பிறகுதான் தெரியும். ப்ரூக்ளின் பெர்னி பிறந்து வளர்ந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை ப்ராஸ்பெக்ட் பார்க்கில் அவர் பேச்சைக் கேட்கக் கூடிய பல்லாயிரம் பேரில் எத்தனை பேருக்கு நேற்று வாக்கு இருந்ததோ.

அப்புறம் நேரம். நகரத்திலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் பஃபலோ பக்கமும் சாவடிகள் காலை 6 மணிக்குத் திறந்தன. மாநிலத்தின் மற்ற மாவட்டங்களில் மதியம் 12 மணிக்குத்தான். பெர்னி முன்னிலை பெற்ற வடக்கு மாவட்டங்களில் பெரும்பாலானவை இந்த மதியக் கணக்கில் வருகின்றன. வேலைக்குப் போகும் முன் வாக்களிக்க அங்கே வழியே இல்லை. இதுவும் பழைய சட்டம்தான், பெர்னிக்காகப் புதிதாக யாரும் எழுதவில்லை, எனக்குத் தெரியும். பழைய சட்டம் என்பதால் நல்ல சட்டம் ஆகிவிடுமா?

இன்று காலை அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், "உங்கள் இளைஞர்கள் கூட்டத்துக்கு வருவார்கள், வாக்களிக்க வர மாட்டார்கள்." எனக்குக் கை நடுங்கியது. வந்தார்கள் ஐயா. வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். நான்தான் திருப்பி அனுப்பினேன்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. செப்டம்பரில் நாங்கள் முதலில் வாக்களிக்கும் மாநிலங்களான அயோவா, நியூ ஹாம்ப்ஷையர் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அப்போதே இதே மேஜையை அதே 74-ஆம் தெருவில் போட்டு, பெர்னி பெயரைக்கூடச் சொல்லாமல், கட்சியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் எத்தனை பேர் நேற்று உள்ளே போயிருப்பார்கள். அந்த எண்ணம்தான் தூங்க விடவில்லை.

இன்று மாலையிலிருந்து கனெக்டிகட்டுக்குப் போன் செய்கிறேன். அங்கே பிரைமரி ஏப்ரல் 26. எந்தக் கட்சியும் சாராதவர் முந்தின நாள் மதியம் 12 மணி வரை நேரில் போய்க் கட்சியில் சேரலாம், அங்கே யாராவது தெரிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். கலிபோர்னியாவில் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர்களே, உங்களுக்குப் பிரைமரி 2016 ஜூன் 7, பதிவுக்குக் கடைசி நாள் மே 23. கட்சி இல்லை என்று பதிந்திருந்தாலும் டெமாக்ரடிக் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம், ஆனால் நீங்கள்தான் கேட்க வேண்டும், தபாலில் வாக்களிப்பவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும். உங்கள் பதிவில் "அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்" என்று இருந்தால் அது ஒரு தனிக் கட்சி, அதை வைத்துக்கொண்டு டெமாக்ரடிக் சீட்டு கிடைக்காது. இன்றைக்கே திறந்து பாருங்கள்.