ஸ்டுடியோக்காரன் என்றால் அவ்வளவு இளக்காரமா?

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. முகூர்த்தம் கிடையாது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க நாலு பேர், ஆதார் கார்டுக்கு லேமினேஷன் போட ரெண்டு பேர், அவ்வளவுதான். போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, மூன்று வருஷத்துக்கு முன் லைட் பிடிக்க வந்து இப்போது தனியாகக் கேண்டிட் எடுக்கும் தம்பி மெதுவாக ஆரம்பித்தான்: "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. போட்டோல ஆர்ட்டிஸ்ட் ஆகணும்னு பாக்குறேன். கடைசி வரைக்கும் ஸ்டுடியோக்காரனாவே இருந்துட முடியாதுல்ல."

கோபம் வரவில்லை. ஆனால் அந்த 'ஸ்டுடியோக்காரனாவே' கொஞ்சம் குத்தியது. தர்மபுரியில் அப்பா ஆரம்பித்த கடை இது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலிக் சிதிபே என்று ஒருவர். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோவில் 1960களின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்தார். கேமரா ரிப்பேரும் பார்ப்பார். ராத்திரி இளவட்டங்கள் ஆட்டம் போடும் பார்ட்டிகளுக்குப் போய்ப் படம் எடுப்பார். திரும்பி வந்து பிலிம் கழுவி, சின்னச் சின்னப் பிரின்டாகப் போட்டு, அட்டையில் ஒட்டிக் கடையில் வைத்துவிடுவார். ஆடினவர்கள் வந்து தங்கள் மூஞ்சியைத் தேடிப் பிடித்து ஆர்டர் கொடுப்பார்கள். எங்கள் அப்பா கல்யாண வீட்டுக்குப் ப்ரூஃப் காட்டிய கதைதான், ஊர் மட்டும் வேறு. 2003இல் சிதிபேவுக்கு போட்டோகிராபிக்கான பெரிய சர்வதேச விருதான ஹாசல்பிளாட் கிடைத்தது. 2007இல் இத்தாலியில் நடக்கும் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது. அதை வாங்கிய முதல் போட்டோகிராபர் அவர்தான். விருதுக்கென்று அவர் புதிதாக எதுவும் எடுக்கவில்லை. காசு கொடுத்து நின்ற வாடிக்கையாளர்களின் படங்கள்தான் உலகம் சுற்றின.

தம்பி, "அது பழைய காலம்ணா" என்றான். சரி, இந்தக் காலத்துக்கே வருவோம்.

ஒசூர் தாண்டினால் பெங்களூரு. அங்கே புஷ்பமாலா என்று ஒரு கலைஞர் இருக்கிறார். சிற்பம் படித்தவர், அப்புறம் கேமராவுக்கு முன்னால் தானே வேஷம் கட்டி நிற்க ஆரம்பித்தார். 2000 முதல் 2004 வரை கிளேர் ஆர்னி என்ற போட்டோகிராபரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களை ஓவியத்திலும் சினிமாவிலும் பழைய ஆய்வுப் படங்களிலும் எப்படியெல்லாம் காட்டினார்கள் என்பதைத் தன் உடம்பை வைத்தே திரும்பச் செய்து காட்டினார். ரவி வர்மாவின் லட்சுமியும் உண்டு, வெள்ளைக்காரன் அளவுகோல் வைத்து எடுத்த பழங்குடிப் பெண்ணும் உண்டு. பின்னால் தொங்குவது வரைந்த ஸ்கிரீன். நவரசத்தை வைத்து ஒரு வரிசை செய்ய நினைத்தபோது, மும்பையில் அந்தக் காலத்து சினிமா நட்சத்திரங்களைப் படம் எடுத்த ஜே.எச். தக்கரின் ஸ்டுடியோவுக்கே போய் நின்றார். லைட்டிங் தெரிந்தவர் அந்த ஸ்டுடியோக்காரர் என்பதால்தானே! புஷ்பமாலாவின் படங்களில் சிலது எனக்குப் பிடிபடுவதில்லை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஸ்கிரீனைப் பார்த்தால் வயிறு பிசைகிறது. அப்பா கடையிலும் ஒன்று இருந்தது: மாடிப்படி, பூந்தொட்டி, தூரத்தில் ஒரு ஏரி. டிஜிட்டல் வந்ததும் அசிங்கம் என்று கழற்றிப் பரண்மேல் போட்டவன் நான்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கௌரி கில் என்ற போட்டோகிராபர் செய்த வேலை. 2003இல் ராஜஸ்தானில் லூண்கரன்சர் என்ற ஊரில் பெண் பிள்ளைகளுக்காக நடந்த திருவிழாவில் ஒரு போட்டோக் கடை போட்டார். யார் வேண்டுமானாலும் வரலாம், விரும்பியபடி நிற்கலாம், குறைந்த விலைக்குப் பிரின்ட் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாலைவன ஊர்களுக்கு 1999 முதல் போய்க்கொண்டே இருந்து எடுத்த படங்களுக்குத்தான் 2023இல் பிரி பிக்டே என்ற சர்வதேச போட்டோ விருதை வாங்கினார்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்பு வெளியூரிலிருந்து ஒருவர் பெரிய லென்ஸோடு வந்தார். எங்கள் பக்கத்தில் புளி தட்டும் பெண்களை நாள் முழுக்க எடுத்தார். படம் அருமை, பொய் சொல்லக் கூடாது. அடியில் 'கிராமத்துப் பெண்' என்று மட்டும் போட்டிருந்தார். அதில் இருந்த அக்கா யாரோ போனில் காட்டியதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "இதை ஒண்ணு கழுவித் தர முடியுமா?" என்று கேட்டது. தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனைச் செதுக்கின பல கற்களில் அவன் பெயர், யாருடைய ஆள், எந்தச் சண்டை என்று பக்கத்திலேயே வெட்டியிருக்கும். கல்தச்சனுக்குத் தோன்றியது கேமராக்காரருக்குத் தோன்றவில்லை.

எங்கள் தொழிலும் ஒன்றும் யோக்கியமில்லை. ஒகேனக்கல்லில் பரிசலில் உட்காரவைத்து, மேலே டிரோன் விட்டு, எல்லா ஜோடியையும் ஒரே ஜோடியாக ஆக்கிவைத்திருக்கிறோம். ஆனால் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் தவறி ஒரு மாசம். இருப்பது வாக்காளர் அட்டைப் படம் மட்டும், அதிலும் பாதிக் கன்னத்தை முத்திரை தின்றிருந்தது. வழக்கம்போல உடம்புக்கு ஒரு கோட்டு மாட்டிக் காட்டினேன். "கோட்டு வேணாம் கண்ணு, அவரு துண்டுதான் போடுவாரு. பச்சைத் துண்டு." பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பச்சையில் எந்தப் பச்சை என்பதற்கே அரை மணி நேரம். காது ஓரத்தைச் சுத்தம் செய்யப் போனபோது கையைப் பிடித்தார்: "காதுல மயிரு இருக்கும், அதை எடுத்துடாத." அன்றைக்கு ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் திரும்பிப் போய்விட்டது.

"இதெல்லாம் சரிண்ணா, ஆர்ட்டிஸ்டுக்கு சோறு எங்கிருந்து வரும்?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. விருது, உதவித்தொகை, புத்தகம் எல்லாம் சிலருக்குத்தான் வாய்க்கும். மதுரைப் பக்கத்து பழனிக்குமார் மீன் விற்ற அம்மாவின் பிள்ளை. துப்புரவுத் தொழிலாளர்களோடே சுற்றிப் படம் எடுத்தவர், 2022இல் போட்டோகிராபர் தயாநிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதை முதல் ஆளாக வாங்கினார். அதற்கு முன் எத்தனை வருஷம் என்று யோசித்துப் பார் என்றேன். உனக்கு வைகாசியும் ஆவணியும் சோறு போடும், ஆடியில் உன் ஊரை எடு.

நேற்று அவனே பரணில் ஏறி ஸ்கிரீனை இறக்கினான். ஏரியின் ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. அடுத்த ஞாயிறு அவன் ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். கோயில் பக்கத்தில் கட்டிவிட்டு, பிரின்ட் இருபது ரூபாய் என்று எழுதிப் போடப் போகிறானாம். பிரின்டருக்குக் கரண்ட் தர எதிர்வீட்டு அத்தை ஒத்துக்கொண்டது, முதல் படம் தனக்குத்தான் என்ற கண்டிஷனோடு.