வீகன் அலமாரியை நிரப்பும்போது காய்ச்சல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்

கோவிட் பீதியில் 2020 மார்ச்சில் கடைகள் காலியான நாட்களில் ஒரு கேலி பல நாடுகளிலும் சுற்றியது. மற்ற அடுக்குகளெல்லாம் துடைத்தெடுத்தது போல் கிடக்க, வீகன் பொருட்கள், அதாவது இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராதவை, இருந்த அடுக்கில் மட்டும் யாருமே கை வைக்காத படங்கள். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் படங்களில் மீந்து கிடந்தது போலி சாசேஜும் போலி சீஸும். மக்கள் முண்டியடித்து அள்ளிக்கொண்டு போனது அரிசி, பாஸ்தா, மாவு, காய்ந்த பயறு, டப்பாவில் அடைத்த தக்காளி. பீதியில் ஊரே வாங்கியது வீகன் சாப்பாட்டைத்தான்!

ஆகவே நோய்த்தொற்றால் வீட்டிலேயே அடைந்து தனிமையில் இருக்க வேண்டிய நாட்களுக்குப் பொருள் சேர்ப்பது வீகன்களான நமக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை. காய்ந்த பயறு ஈரமும் பூச்சியும் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. பழசாக ஆக, வேகத்தான் நேரம் பிடிக்கும். வெள்ளை அரிசியும் அப்படியே. பழுப்பு அரிசியை மட்டும் மூட்டையாக வாங்க வேண்டாம், தவிட்டில் உள்ள எண்ணெய் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஆளி விதையைப் பொடியாக வாங்காமல் முழுசாக வாங்கி, வேண்டும்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சண்டை தனிமைக்கு என்னென்ன வாங்கி வைப்பது என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களோடுதான். எல்லாமே தெம்பாக இருக்கும் ஆளுக்காக எழுதப்பட்டவை. தனிமையில் இருப்பவர்களில் பலர் நோயாளிகள் என்பது எழுதுகிறவர்களுக்கு நினைவிலேயே இல்லை. காய்ச்சலில் படுத்திருப்பவர் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, காலையில் எழுந்து ஒரு மணி நேரம் வேகவைப்பாரா? ராஜ்மா இன்னும் மோசம். அதில் இயற்கையாகவே இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருப்பதால், சரியாக வேகாவிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் பாத்திரத்தில் பச்சையாகப் போட்டால் அந்த நஞ்சு அழியாது. உடம்புக்கு முடியாத நாளில் இந்த வேலையெல்லாம் எதற்கு?

அதனால் என் கணக்கு இது: வாங்குவதில் பாதி, நின்று சமைக்கத் தெம்பில்லாத நாளுக்கானதாக இருக்கட்டும். டப்பாவில் வரும் வெந்த பயறு, ஊறவைக்காமலே சீக்கிரம் குழையும் மசூர் பருப்பு, ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், பிரிக்கும்வரை ஃபிரிட்ஜ் தேவைப்படாத சோயா பால், உறையவைத்த காய்கறி. உறைந்த காய் சத்தில்லாதது என்று ஒரு பேச்சு உண்டு. பறித்த கொஞ்ச நேரத்திலேயே உறையவைப்பதால், பல நாள் வாடிய காயைவிட அதில் சத்து அதிகமாகவே இருக்கலாம்.

கோவிட் பலருக்கு வாசனையையும் ருசியையும் பறித்தது. அப்போது எவ்வளவு மசாலா போட்டாலும் மண்ணைத் தின்கிற மாதிரிதான். மிளகாயின் காரம் மணம் வழியாக வருவதல்ல, அது எரிச்சல்; அதனால் மணம் போன பிறகும் காரம் தெரிகிறவர்கள் உண்டு. எலுமிச்சைப் புளிப்பு, வறுத்த கடலையின் மொறுமொறுப்பு இதெல்லாம் கைவசம் இருந்தால் நாலு வாயாவது உள்ளே போகும்.

புரதம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி போதும்: 100 கிராம் காய்ந்த பயற்றில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கவலைப்பட வேண்டியது வைட்டமின் பி12 பற்றி. செடிகளில் அது நம்பத்தக்க அளவில் கிடையாது. மாத்திரையோ பி12 சேர்த்த உணவோ வேண்டும். ஒழுங்காக எடுத்து வந்தவர்களுக்குக் கல்லீரலில் நீண்ட காலத்துக்கு இருப்பு இருக்கும், இரண்டு வாரம் தவறினால் ஒன்றும் ஆகாது. பல வருடமாக எடுக்காமலே ஓட்டுகிறவர்கள் இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும். பச்சைக் காய் தீர்ந்துபோனால் பாசிப்பயறு முளைகட்டுங்கள். காய்ந்த பயற்றில் பெயருக்குத்தான் வைட்டமின் சி இருக்கும், முளைக்கும்போது கூடும். நோயாளிக்கு மட்டும் அதைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம், கிருமி வளரவும் அந்த ஈரச்சூடு ஏற்றது. ஒரு கொதி விட்டால் கொஞ்சம் சி போகும், போகட்டும்.

அளவுக்கு வருவோம். கோவிட்டுக்கு முதலில் சொல்லப்பட்ட தனிமைக் காலம் 14 நாள். ஒருவருக்கு நாளுக்கு 100 கிராம் பயறு என்றால் ஒன்றரைக் கிலோ போதும், வெந்தபின் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். பத்துக் கிலோ வாங்கிக் குவிப்பவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சோயா பாலை அட்டைப்பெட்டியோடு தூக்கிப் போகிறவர், பால் ஒவ்வாமை உள்ள யாருக்கோ இருந்த ஒரே பாலை எடுத்துப் போகிறார்.

வாசலில் பொருள் வைத்துவிட்டுப் போகும் நண்பரிடம் “வீகனா இருந்தா எதுவானாலும் சரி” என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், சூப் பாக்கெட்டிலும் ரொட்டியிலும் பால் பொடியும் பாலின் புரதமான கேசினும் ஒளிந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பாக்கெட்டின் படத்தை அனுப்புங்கள். அது இல்லையென்றால் எதை வாங்குவது என்று இன்னொரு படத்தையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.